கெடுதல் விகாரம்: ஒரு காதுகுத்து வீடியோவின் ஒலி பற்றிய ஆய்வு

காதுகுத்து வீடியோவில் சத்தம் வராமல் போவது கணினிக் கோளாறா, இலக்கணக் கோளாறா என்ற கேள்வியை நம் ஆய்வுலகம் இதுவரை தொட்டதாகத் தெரியவில்லை. தொட்டவன் நான். தொட்டதால் மூன்று நாள் லீவும் போயிற்று.

ஆய்வுக்களம் என் வீட்டுக் கூடம். ஆய்வுப்பொருள், 2010-இல் நடந்த என் அக்கா மகனின் காதுகுத்து. படம் பிடித்தவர் சித்தப்பா. கருவி, அன்றைக்குச் சொந்தக்காரர்களின் வயிற்றெரிச்சலைச் சம்பாதித்த ஒரு ஏவிசிஎச்டி கேம்கார்டர். மேளச் சத்தத்துக்கு நடுவே அதன் உள்ளங்கை அகலத் திரையில் பார்த்ததோடு சரி. அப்புறம் சார்ஜர் தொலைந்தது, கேமரா பரணுக்குப் போனது. எட்டு ஜிபி கார்டு மட்டும் அக்காவின் நகைப்பெட்டியில், அன்று போட்ட தோட்டுக்குப் பக்கத்திலேயே பத்திரமாக இருந்தது. எடிட் பண்ணித் தருகிறேன் என்று வாயை விட்டவனும் நான்தான்.

கிளிப்புகளை மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டேன். இம்போர்ட் வெற்றிகரமாக முடிந்தது என்று அறிவித்தது. திரையில் மொட்டையும் சந்தனமுமாக மருமகன், தாய்மாமன் மடியில். மாமனின் முகம் ஃபிரேமுக்கு வெளியே. சட்டைப் பொத்தான் மட்டும் தெரிகிறது. ஆசாரியின் கை நெருங்கி விலகுகிறது. குழந்தை வாயைத் திறக்கிறான், உள்நாக்கு தெரியத் திறக்கிறான். ஆனால் ஒரு சத்தம் இல்லை. காது குத்துவதற்கு ஆசாரியே தேவையில்லை, மென்பொருளே போதும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

இனி முந்தையோர் கருத்துகளைப் பார்ப்போம். பிளஸ் டூ படிக்கும் மருமகனின் கொள்கை: "மாமா, ஸ்பீக்கர் ஆன்ல இருக்கா பாருங்க." இருந்தது, மறுக்கப்பட்டது. சித்தப்பாவின் கொள்கை: "என் கேமராமேல தப்பே கிடையாது, கார்டுல பூஞ்சை புடிச்சிருக்கும்." தரவு இல்லாததால் தள்ளுபடி. தெருமுனை ஸ்டுடியோக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கோடெக் இல்ல தம்பி" என்றார். நெஞ்சு வலி என்று போனால் சில டாக்டர்கள் "கேஸ்தான்" என்பார்களே, அந்தத் தொனி. எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி என்பதை ஆய்வின் முடிவை முந்திக்கொண்டு இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ் இலக்கணம் எழுத்தை உயிர், மெய் என்று பிரித்தது. மெய் தனியே நின்றால் அரை மாத்திரைக்கு மேல் தாங்காது. உயிர் ஏறினால்தான் நடமாடும். கேம்கார்டர் கோப்பும் ஓர் உயிர்மெய்யே. படம் மெய், ஒலி உயிர். 2006-இல் சோனியும் பானசோனிக்கும் கூடி வகுத்த ஏவிசிஎச்டி முறையில் மெய்யின் பெயர் எச்.264, உயிரின் பெயர் பெரும்பாலும் டால்பி ஏசி-3. இரண்டையும் எம்டிஎஸ் என்ற ஒரே கோப்புக்குள் சேர்ப்பதை எடிட்டர்கள் மக்ஸ் பண்ணுவது என்பார்கள். நன்னூலார் புணர்ச்சி என்றிருப்பார். புணர்ச்சி என்று வந்துவிட்டால் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்று விகாரமும் கூடவே வரும்.

தோன்றலை விரைவாகக் கடந்துவிடலாம். இல்லாத ஒலி வந்து ஒட்டிக்கொள்வது அது. டேப் கேமராவின் மோட்டார் முனகல், மண்டப ஜெனரேட்டர், மின்விசிறி. கல்யாண வீடியோ பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

திரிதல் சுவையானது. மினிடிவி டேப்பில் ஒலியை இரண்டு விதமாகப் பதியலாம்: 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு தடம், அல்லது 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ், நான்கு தடம். பெருக்கிப் பாருங்கள், இரண்டிலும் விநாடிக்கு 1536 கிலோபிட்தான் வரும். ஒரே படி அரிசியை இரண்டு பெரிய இலையிலோ நான்கு சின்ன இலையிலோ பரிமாறுவது போல. நான்கு தடத்தில் பின்னிரண்டு, பிற்பாடு பின்னணி சேர்ப்பதற்காகக் காலியாக விடப்பட்டவை. 32-இல் பதிந்ததை 48 என்று நினைத்து ஒரு மென்பொருள் வாசித்தால் மூன்று நிமிடப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தாத்தாவின் ஆசீர்வாதம் அணில் குரலில் வரும். மாற்றி நேர்ந்தால் அத்தை எமதர்மன் குரலில் சாப்பிடக் கூப்பிடுவார்.

நம் வழக்கு கெடுதல். இதிலும் இரண்டு வகை உண்டு. வேறுபாடு தெரியாமல் மருந்து தேடுபவர் என்னைப்போல் முதல் நாளை வீணடிப்பார். டைம்லைனில் ஒலித்தடம் வந்து, அதில் அலை இல்லாமல் நேர்கோடு மட்டும் ஓடினால் ஒன்று. ஒலித்தடமே வராவிட்டால் இன்னொன்று.

நேர்கோடு என்றால் முதலில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். சில மென்பொருள்கள் ஒலியைத் தமக்கேற்ற வடிவில் ஒருமுறை எழுதிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கும். திரும்பி வந்தும் நேர்கோடே என்றால், ஒலி பிறக்கும் முன்பே போய்விட்டது. பெரும்பாலான கேம்கார்டர்களில் வெளி மைக் துளைக்குள் எதையாவது செருகினால் உள் மைக் ஓய்வெடுக்கப் போய்விடும். செருகியது வெறும் பின்னாக இருந்தாலும், ஆன் பண்ணாத காலர் மைக்காக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இதற்குப் பரிகாரம் கிடையாது. பின்னணியில் நாதஸ்வரம் போட்டு மறைப்பதே மரபு.

எனக்கு ஒலித்தடமே வரவில்லை. இது நம்பிக்கை தரும் சேதி. ஆரஞ்சுக் கூம்புச் சின்னம் போட்ட விஎல்சி பிளேயரில் முதல் கிளிப்பைத் திறந்தேன். பந்திக்கு ஆள் கூப்பிடும் குரல், பாத்திரச் சத்தம், யாரோ தும்முவது எல்லாம் கணீரென்று கேட்டன. ஆக, உயிர் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. மென்பொருளுக்குத்தான் அதை வாசிக்கத் தெரியவில்லை. காரணம் காசு. ஏசி-3-ஐப் பிரித்துக் கேட்பதற்கு டால்பியிடம் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. வாங்காத மென்பொருள், அழைப்பிதழ் இல்லாதவரை நிறுத்துவது போல ஒலியை வாசலில் நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் உள்ளே விடும். அந்தக் காப்புரிமைகள் 2017-இல் காலாவதியாகிவிட்டன. என் மென்பொருள் அதற்கும் மூத்தது, அதற்கு யாரும் சேதி சொல்லவில்லை. விஎல்சியோ ஒலியைப் பிரிக்கும் வித்தையைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது.

இன்னொரு குற்றவாளியும் உண்டு, அவனும் நான்தான். கார்டுக்குள் ஏவிசிஎச்டி, பிடிஎம்வி, ஸ்ட்ரீம் என்று பெட்டிக்குள் பெட்டியாக ஃபோல்டர்கள் இருந்தன. குப்பை என்று நினைத்து எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தேன். நீளமான காட்சியைக் கேமரா 2 ஜிபி அல்லது 4 ஜிபிக்கு ஒரு துண்டாக நறுக்கி எழுதும். எந்தத் துண்டோடு எது ஒட்டும் என்ற குறிப்பு பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் இணைப்பில் ஒலி ஒரு நொடி விக்கும். சில மென்பொருள்களில் அடியோடு வராது. நிலைமொழி வருமொழி பார்க்காமல் சந்தி பிரித்தால் வேறென்ன நடக்கும்?

மருந்துக்கு வருவோம். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த கன்வர்ட்டர் ஒன்று மொத்தப் படத்தையும் நான்கு மணி நேரம் அரைத்து, குழந்தையின் மொட்டைமேல் தன் முத்திரையையும் குத்தித் தந்தது. தேவையே இல்லை. மெய் நன்றாகத்தான் இருக்கிறது, உயிரை மட்டும் மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியிடம், படத்தைத் தொடாமல் அப்படியே காப்பி எடு, ஒலியை மட்டும் 16 பிட் பிசிஎம் ஆக்கி எம்ஓவி பெட்டிக்குள் போடு என்று ஒரே வரியில் கட்டளை கொடுத்தேன். படத்தைத் திரும்ப அரைக்காததால் ஒரு கிளிப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தரமும் குறையாது. என் கோப்பில் விநாடிக்கு 256 கிலோபிட்டாக ஒடுங்கிக் கிடந்த ஒலி ஆறு மடங்கு பெருத்து 1536 ஆயிற்று. அதே 1536. இதன் தத்துவப் பொருளைத் தனிக் கட்டுரையில் ஆராய உத்தேசம்.

டைம்லைனில் பச்சை அலைகள் எழும்பின. அக்கா, மாமா, சித்தப்பா, மருமகன் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து நான்காவது கிளிப்பை ஓடவிட்டேன். மடியில் வைத்திருந்த மாமன் கல்லாக உட்கார்ந்திருந்தான் என்பது குடும்ப வரலாறு. சொன்னவனும் நானே.

ஆசாரி "அவ்ளோதான், அவ்ளோதான்" என்கிறார். குழந்தை நிம்மதியாக வாழைப்பழம் மெல்லும் சத்தம் கேட்கிறது. ஊசி இறங்குகிறது. அப்போதும் மெல்லுகிறான். கேமராவுக்கு மிக அருகில், "ஐயோ, ரத்தம்!" என்று ஓர் அலறல். ஒரு வயதுக் குழந்தைக்கு அந்த இரண்டு சொல்லும் வராது. அதைக் கேட்டு மிரண்டுதான் அவன் வாயைத் திறக்கிறான்.

அந்த நான்கு விநாடி இப்போது மருமகனின் போனில் ரிங்டோனாக இருக்கிறது.