கெட்சப் கேட்ட குற்றம்

அமெரிக்காவில் எந்த ஊர்ச் சாப்பாடு ஒசத்தி என்று கேட்டால், யாரும் தன் ஊர்ப் பெருமையில் ஆரம்பிப்பதில்லை. பக்கத்து ஊர்க்காரன் எதை எப்படித் தப்பாகத் தின்கிறான் என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். மகள் வீட்டுக்குப் போன சாக்கில் நாலைந்து ஊர் சுற்றிய கட்டுரையாளருக்கு இது புரியவே சிகாகோ வரை போகவேண்டி வந்தது.

அங்கே ஒரு ஹாட் டாக் கடை. கசகசா தூவிய பன்னைப் பிளந்து, மாட்டிறைச்சி சாசேஜை வைத்து, மஞ்சள் கடுகு சாஸ், கண் கூசும் பச்சையில் ரெலிஷ், பொடி வெங்காயம், தக்காளித் துண்டு, நீளவாக்கில் வகுந்த வெள்ளரி ஊறுகாய், குட்டி மிளகாய் என்று அடுக்கி, கடைசியில் செலரி உப்பைத் தூவினார் கடைக்காரர். கல்யாண வீட்டில் இலை போடுபவரின் கவனம். அந்த நேரம் பார்த்து வீட்டம்மா, "ஏங்க, அந்தச் சிவப்பு சாஸ் கொஞ்சம் கேளுங்க" என்றார். கட்டுரையாளரும் கேட்டார்.

கடைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். சைவக்காரியான வீட்டம்மா கேட்டது உருளைக்கிழங்கு வறுவலுக்குத்தான் என்று விளங்கிய பிறகே கடையில் மூச்சு திரும்பியது. வறுவலுக்குக் கெட்சப் தாராளம். ஹாட் டாக்குக்கு ஆகாது. பன்னுக்குள் தக்காளி துண்டாக வந்தால் விருந்தாளி, கரைந்து வந்தால் திருடன். ஒபாமாவும் சிகாகோக்காரர்தானே? 2016ல் ஹனோயில் சமையல் கலைஞர் அந்தோணி போர்டைனோடு சாப்பிட உட்கார்ந்தபோது, எட்டு வயது தாண்டியவருக்கு ஹாட் டாக்கில் கெட்சப் கூடாது என்பதே அவர் கட்சி. ஹைன்ஸ் கம்பெனி சளைக்கவில்லை. 2017ல் அதே கெட்சப்பை 'சிகாகோ டாக் சாஸ்' என்று பெயர் மாற்றிப் புட்டியில் அடைத்துப் பார்த்தது.

நியூயார்க்கில் சாஸுக்குத் தடை இல்லை. முள்கரண்டிக்கு உண்டு. பீட்சாத் துண்டை வெற்றிலை மாதிரி நீளவாக்கில் மடித்து, நுனியை வாய்க்குள் விட்டு, எண்ணெய் முழங்கைக்கு வழியாமல் நடந்துகொண்டே தின்னவேண்டும். 2014 ஜனவரியில் மேயராகப் பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகாத டி பிளாசியோ, ஸ்டேட்டன் தீவில் பீட்சாவை முள்கரண்டியால் சாப்பிட்டுவிட்டார். பத்திரிகைகள் ஊழலைப் பிடித்ததுபோல் குதித்தன. மூதாதையர் நாடான இத்தாலியில் அப்படித்தான் என்று அவர் சொன்னது எடுபடவில்லை.

சிகாகோ பீட்சா வேறு சாதி. 1943ல் திறந்த பீட்சேரியா ஊனோவிலிருந்து கிளம்பிய டீப் டிஷ் அது: குழிவான தட்டில் மாவு, அதன்மேல் சீஸ், எல்லாவற்றுக்கும் மேலே தக்காளி. வெந்து வர முக்கால் மணி நேரம் ஆகும். பசியோடு போகிறவர் பொறுமையையும் கட்டிக்கொண்டு போகவேண்டும். குயின்ஸில் வளர்ந்த உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா, சிகாகோவுக்கே போய், ருசியெல்லாம் சரி, ஆனால் இதைப் பீட்சா என்று சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். இதற்கு மேல்முறையீடு எங்கே செய்வது?

பிலடெல்பியா சீஸ்ஸ்டேக் ஊர். 1930ல் ரொட்டிக்குள் இறைச்சியை வைத்து விற்கத் தொடங்கிய பேட்ஸ் கடைக்கு எதிரே 1966ல் ஜீனோஸ் வந்தது. இரண்டும் இன்றுவரை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே "விஸ் விட்" என்று இரண்டே சொல்லில் கேட்கவேண்டும்: சீஸ் விஸ், வெங்காயத்தோடு. ஜனாதிபதி தேர்தலுக்கு நின்ற ஜான் கெர்ரி 2003ல் ஸ்விஸ் சீஸ் கேட்டு மாட்டிக்கொண்டார். ஆலையில் செய்து ஜாடியில் வரும் மஞ்சள் குழம்பு சம்பிரதாயமாம், நிஜ சீஸ் ஆசார விரோதமாம்.

லாஸ் ஏஞ்சல்ஸில் எதற்கும் தடை இல்லை. கொரிய இறைச்சியை மெக்சிகோ டோர்ட்டியாவில் சுருட்டி 2008 முதல் கோகி வண்டியில் விற்கிறார்கள்; ஊர் கைதட்டுகிறது. அங்கே தண்டனை வாயில் இல்லை, போக்குவரத்தில்.

கட்டுரையாளர் மயங்கியது நியூ ஆர்லியன்ஸில். மாவைக் கொழுப்பில் போட்டு, சாக்லேட் நிறம் வரும்வரை கை ஓயாமல் கிளறி, அதில் வெந்து வருவது கம்போ. பெயரே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். அதில் தக்காளி போடலாமா என்று கேட்டால் ஒரு சாயங்காலம் போய்விடும். டிஸ்னி 2016ல் கேல் கீரையும் கினோவாவும் போட்ட கம்போச் செய்முறையை வெளியிட்டு, லூசியானாவே கொதித்ததும் எடுத்துவிட்டது.

காலையில் கஃபே டு மோண்ட். 1862 முதல் நடக்கிற கடை. பென்யே என்கிற சதுரப் பலகாரம் மூன்று, மேலே மூக்கு முட்டச் சர்க்கரைப்பொடி. கடிக்கும்போது மூச்சை உள்ளே இழுக்கக்கூடாது. இழுத்த கட்டுரையாளர் இருமி, எதிரே இருந்த வீட்டம்மாவுக்கு விபூதி அபிஷேகம் செய்துவிட்டார். வீட்டம்மாவின் கவனமோ காப்பியில் இருந்தது. உள்நாட்டுப் போரில் வடக்கத்திக் கப்பல்கள் துறைமுகத்தை மறித்தபோது கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்து, சிக்கரி கலக்கும் பழக்கம் ஊன்றியதாகச் சொல்கிறார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நம்ம வீட்டுக் காப்பிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி" என்றார் வீட்டம்மா.

திரும்ப நியூயார்க். நத்தம் பக்கத்துக்காரரான விஜய் குமார், செம்மா உணவகத்தில் நத்தைப் பிரட்டல் போட்டு, மிஷலின் நட்சத்திரம் வாங்கி, 2025ல் ஜேம்ஸ் பியர்ட் விருதும் பெற்ற ஊர் அது. நத்தை என்றதும் வீட்டம்மா முகம் சுளிக்க, ஃபிளஷிங் கணேசர் கோயில் கேன்டீனுக்கு ரயில் ஏறினார்கள். கோயில் 1977ல் கும்பாபிஷேகம் ஆனது, தோசை அடித்தளத்தில்.

பக்கத்து மேசைப் பையன் மொறுமொறு தோசையை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தான். அதைக்கூடப் பொறுத்தார் கட்டுரையாளர். அவன் பைக்குள்ளிருந்து ஒரு கெட்சப் பொட்டலத்தை எடுத்து, பல்லால் கிழித்து, தோசைமேல் பிதுக்கினான்.

"தம்பி..." என்று எழுந்த கட்டுரையாளரின் சட்டையை வீட்டம்மா பிடித்து இழுத்தார்.

"முன்பல் இன்னும் முளைக்கல பாருங்க. எட்டு வயசு ஆகியிருக்காது. உட்காருங்க."