எட்டுப் புள்ளி மேதைகள்

குன்றத்தூர்ப் பக்கத்து இன்ஜினியரிங் பிள்ளைகள் டிஎஸ்பி என்னும் டிஜிட்டல் சிக்னல் பிராசஸிங் படிக்கும் அழகே அழகு. அறுபத்துமூவரைப் பாடிய சேக்கிழார் பிறந்த ஊரில், ஒரு சிக்னலின் எட்டுப் புள்ளியைப் பாடமாட்டார்களா என்ன?

பரீட்சைக் காலத்தில் காலேஜ் பஸ்ஸில் காது கொடுங்கள். "சைபர், நாலு, ரெண்டு, ஆறு, ஒண்ணு, அஞ்சு, மூணு, ஏழு." என்ன தாளக்கட்டு! சைபர் முதல் ஏழு வரை மூன்று இலக்க இரும எண்ணில் எழுதி, ஒவ்வொன்றையும் பின்னிருந்து முன்னாகப் படித்தால், எட்டுப் புள்ளிகளை எடுக்கும் இந்த வரிசை தானே வந்துவிடும். அதைச் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகளின் ஞாபகசக்தியைக் கெடுக்கும் பாவத்தை யாரும் செய்வதில்லை.

1965-ல் கூலி, டூக்கி என்ற இருவர் கணினிக்கு வேலை மிச்சமாகட்டும் என்று எஃப்எஃப்டி என்னும் வேக ஃபூரியர் வழியை வெளியிட்டார்கள். எட்டுப் புள்ளிக்கு 64 பெருக்கல் 12 ஆயிற்று. 1,024 புள்ளிக்குப் பத்து லட்சத்துச் சொச்சம் 5,120 ஆயிற்று. நம்மவர்கள் இன்னும் கருணை மிக்கவர்கள். கணினிக்கு அந்த 12-ஐக்கூட வைப்பதில்லை. ஸ்கேல் பிடித்து, பென்சிலால் பட்டர்ஃபிளை என்னும் கணக்குப் படம் வரைந்து, 0.707 போட்டு, விடைக்குக் கட்டம் கட்டிக் கையாலேயே முடித்துவிடுகிறார்கள்.

ரகசியம் காப்பதிலும் நம் கல்லூரிகளை மிஞ்ச ஆளில்லை. ஒரு செமஸ்டரில் கணக்கு வாத்தியார் நடத்தும் ஃபூரியரும், இன்னொரு செமஸ்டரில் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார் நடத்தும் ஃபூரியரும் ஒரே ஆள்தான் என்பது இன்றுவரை வெளியே கசியவில்லை.

ஒரகடத்துத் தொழிற்சாலைக்காரர்களுக்குத்தான் இந்த அருமை தெரியாது. "மோட்டார் பேரிங் 900 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, சென்சார் நொடிக்கு 1,000 தடவைதான் அளக்கிறது. திரையில் என்ன தெரியும்?" என்று இன்டர்வியூவில் வம்பு செய்கிறார்கள். அதிர்வின் இரு மடங்கு வேகத்துக்கு மேல் அளக்காததால் அது 100 ஹெர்ட்ஸாக வேஷம் போட்டு வரும். ஆனால் அது முதல் யூனிட். நம் பிள்ளைகள் சாய்ஸில் விட்டது. "அது இம்பார்ட்டண்ட் கொஸ்டின்ல வரல சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து வருகிறார்கள். நேர்மைக்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

ஆகவே, வினாத்தாள் தயாரிக்கும் பெருமக்களுக்கு ஒரே வேண்டுகோள்: தப்பித்தவறியும் "ஏன்?" என்று ஒரு கேள்வி வைத்துவிடாதீர்கள். வைத்தால் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். கல்லூரி வாசல் பேனரில் இருக்கும் தேர்ச்சி சதவீதம்தான் தாங்காது.