விற்றவர் வாக்கு

லாரியைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் லாரியை விற்றுவிட்டவரிடம்தான் போக வேண்டும். வைத்திருப்பவருக்கு டயர் கடன் இருக்கிறது, டீசல் பாக்கி இருக்கிறது, எஃப்சி தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது. நம்மோடு உட்கார்ந்து பேச அவருக்கு ஏது நேரம்? விற்றவருக்கு நேரம்தான் இருக்கிறது. நாமக்கல் பக்கத்தில் பிறந்தவன் என்பதால் இந்த வகை நிபுணர்களுக்கு எனக்குப் பஞ்சமே வந்ததில்லை. சொந்தத்திலேயே மூன்று பேர். லாரிக்கு மாமா, புல்லட்டுக்குச் சித்தப்பா, துப்பாக்கிக்குப் பெரியப்பா. யோசனைக்கு யாரும் காசு கேட்பதில்லை. டீக்கு மட்டும் நாம் கொடுத்துவிட வேண்டும்.

கொல்லிமலை மண் பாதைகளில் ஓட்ட ஒரு வண்டி வாங்கலாமா என்று ஒருநாள் டீக்கடையில் வாய்விட்டேன். சித்தப்பா பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அவர் இப்போது ஓட்டுவது ஸ்கூட்டர். முதுகெலும்பு தேய்ந்த பிறகு டாக்டர் அனுமதித்தது அது ஒன்றைத்தான். ஆனாலும் பேச்சு என்னவோ புல்லட்டை விட்டு இறங்காது. "1955-ல திருவொற்றியூர்ல தொடங்குனப்போ..." என்று ஆரம்பிப்பார், அன்றைக்குக் கம்பெனி கேட்டைத் திறந்துவிட்டதே தான்தான் என்கிற தோரணையில்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. அதை ஸ்டார்ட் செய்வது ஒரு பூசை. கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவில் வந்து நிற்கிற இடத்தைப் பிடிக்க வேண்டும். டிகம்ப்ரசரை இழுத்து, இன்னும் ஒரு நூல் தாண்டவிட்டு, லிவரை விட்டுவிட்டு ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். இதையெல்லாம் சித்தப்பா வாயால் சொல்வதோடு நிறுத்தவில்லை. எழுந்து நின்று காற்றில் மிதித்துக் காட்டினார். செருப்பு போய் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது.

"அதெல்லாம் சரிங்க சித்தப்பா, எக்ஸ்பல்ஸ் எடுக்கலாமா, ஹிமாலயன் எடுக்கலாமா?"

"கால் தரையில படுதான்னு பாரு கண்ணு. சீட்டு ஒசரம் 800 மில்லிமீட்டருக்கு மேல போகுது. மேட்டுல வண்டி நின்னுபோச்சுன்னா பேங்க் லோனா வந்து முட்டுக் குடுக்கும்?"

மண்வண்டியைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான யோசனை இதுதான். தொடர்ந்து இன்னும் சில வந்தன. முன்சக்கரம் 21 இஞ்ச் என்பதால் கல்லின் மேல் சுலபமாக ஏறிவிடும். ஆனால் கம்பிச் சக்கரத்துக்குள் டியூப் இருக்கிறது, ஆகவே பஞ்சர் சாமான் பையிலேயே இருக்கட்டும். மண்ணில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறை, தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடி. கரடுமுரடில் உட்காராதே, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று முட்டியைத் தளர விடு. கடைசியாகக் கேட்டார்: "கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு, எழுபதும் தார் ரோடு. காய்கறி வேனே ஏறுது. உனக்கு எதுக்கு மண்ணு வண்டி?" காப்புக்காட்டுப் பக்கம் பாதை இருக்கிறதே என்று இழுத்தேன். அதற்குள் வண்டியை விட்டால் வனத்துறை அபராதம் போடும் என்று பக்கத்து பெஞ்சிலிருந்து மாமா முடித்துவைத்தார்.

மாமா லாரியை விற்று வெகுகாலமாகிறது. ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் மட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அந்த ஸ்பேனருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் அதைச் சாத்திவைத்து, அதற்கு முன்னால் பூசணிக்காய் உடைக்கிறார். அத்தை அந்தப் பக்கம் திரும்புவதேயில்லை.

என்னிடம் லாரி கிடையாது. மாமாவுக்கு அது ஒரு தடையாகப் பட்டதில்லை. "காலைல எந்திரிச்சதும் ஏர் டேங்கைத் தொறந்து தண்ணிய வடிச்சிரு. காத்தை அமுக்குனா ஈரம் தங்கும், பிரேக்குக்கு ஆகாது. பின்னாடி ஜோடி டயருக்கு நடுவுல கல்லு மாட்டியிருக்கான்னு குனிஞ்சு பாரு. டயர் மாத்துனா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி, நட்டை மறுபடி இறுக்கு. மலையேறி வந்ததும் படக்குனு ஆஃப் பண்ணாத, டர்போ ஆற ஒரு நிமிஷம் ஓடட்டும்." ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். என் வீட்டு வாசலில் நின்றது ஒரு சைக்கிள்.

எஃப்சி என்று வந்துவிட்டால் மாமா குரலைத் தாழ்த்திக்கொள்வார். புது வண்டிக்கு எட்டு வருடம்வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதற்குமேல் வருடாவருடம். எஃப்சிக்கு முதல் நாள் பட்டறையில் நிற்கிற லாரியைப் பார்க்க வேண்டும்: புதுப் பெயின்ட், புது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், பங்காளி வண்டியிலிருந்து இரவல் வாங்கி மாட்டிய ஸ்டெப்னி. அப்போது அந்த வழியாக நிஜமாகவே லாரி வைத்திருக்கிற ஒருவர் வந்தார். "வண்டி எப்படிங்க போகுது?" என்று கேட்டேன். "ஓடுதுங்க" என்றார், நிற்காமல்.

பெரியப்பா துப்பாக்கியை விற்கவில்லை. இருந்தாலும் அவரை இந்த வரிசையில் சேர்த்ததற்குக் காரணம் பின்னால் வருகிறது. என்ஃபீல்டு என்ற பெயரே இங்கிலாந்தில் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர், ஆரம்ப நாட்களில் துப்பாக்கிபோல உறுதியாகச் செய்தது என்றுதான் அவர்கள் விளம்பரமே செய்தார்கள் என்று சித்தப்பா பெருமையாகச் சொன்னால், பெரியப்பா அதைத் தன் பெருமையில் வரவு வைத்துக்கொள்வார்.

பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ் வாங்கிய இரட்டைக்குழல் அது. சுடுவதற்குத்தான் ஆளில்லை. மயில் தேசியப் பறவை. மானைத் தொட்டால் 1972-ஆம் வருடத்துச் சட்டம். பன்றிக்கு அரசாங்கம் மனசு வைக்க வேண்டும். மிஞ்சிய ஒரே எதிரி துரு. எனவே மாதம் ஒருமுறை தினசரித் தாளை விரித்து உட்காருவார். குழலை மடித்துத் திறந்து, தோட்டா இல்லை என்று தான் ஒருமுறை பார்த்து, என்னையும் பார்க்கச் சொல்லி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். உள்ளே வளையம் வளையமாக வெளிச்சம் ஓடும். கம்பியில் ஃபிளானல் துணி சுற்றி இழுத்து, துளி எண்ணெய் விட்டு, அதையும் துடைத்தெடுப்பார். எண்ணெய் கூடினால் தூசி ஒட்டும். தோல் உறைக்குள் போட்டு வைக்கவே கூடாது, ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே உறை ஆணியில் தொங்குகிறது, துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. தோட்டாக்கள் இருக்கிற பெட்டியின் சாவி பெரியம்மாவிடம். அது வீட்டில் எங்கே இருக்கிறது என்று பெரியப்பாவுக்கே தெரியாது. இதைவிட நல்ல பாதுகாப்பு ஏற்பாடு எந்தச் சட்டத்திலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

அத்தை மகன் செல்போனில் அமெரிக்காக்காரர்களின் சுவர் முழுக்கத் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, தானும் சேகரிக்கப்போவதாக வந்து நின்றான். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஓர் ஆளுக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாக்கிவிட்டார்கள். "ரெண்டுக்கு மேல போனா அது சேகரிப்பு இல்ல மாப்ளே, கேசு" என்றார் பெரியப்பா. "அவ்வளவு ஆசைன்னா எழும்பூர் மியூசியத்துக்குப் போ. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதமெல்லாம் கண்ணாடிக்குள்ள இருக்குது. எண்ணெய் போடுறது அவங்க பாடு."

தேர்தல் தேதி அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ரசீது கொடுப்பார்கள். முடிவு வந்த பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளலாம். சட்டசபை, பாராளுமன்றம், உள்ளாட்சி, நடுவில் ஒரு இடைத்தேர்தல் என்று கணக்குப் பார்த்தால் அது வீட்டில் தங்குவதைவிட ஸ்டேஷனில் தங்குவதே அதிகமோ என்று தோன்றும். பெரியப்பா சும்மா இருப்பாரா? இரண்டு நாளைக்கு ஒருமுறை பால் ஊற்றிவிட்டு வருகிற வழியில் ஸ்டேஷனுக்குள் நுழைந்து, ரைட்டர் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, துப்பாக்கியைச் சுவரில் சாத்தாதீர்கள், உறையிலிருந்து எடுத்துவிடுங்கள், மழை வருகிறது, ஒரு துளி எண்ணெய் விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். போன தடவை ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, எலெக்‌ஷன் முடிஞ்சதும் வந்து வாங்கிட்டுப் போய் நீங்களே போட்டுக்கங்க."

"எந்த எலெக்‌ஷனுங்க?" என்று கேட்டாராம் பெரியப்பா.