மெதுவாப் போக ஒரு சைக்கிள்

ஏ பேராண்டி, லாஸ் ஏஞ்சலஸ்ல குடியேறுன கையோட உனக்கு லோரைடர் சைக்கிள் கட்டணும்னு ஆசை வந்துருக்காம், ஒங்கப்பன் சொல்லிப் பொலம்புதான். ஆசைப்படு, தப்பில்ல. ஆனா எங்கயாவது போய்ச் சேரணும்ங்குத நெனப்பை முதல்ல விட்டுரு. அந்த நெனப்பு இருக்கவன் பஸ்ல போகட்டும்.

லோரைடர்ங்குதது சிக்கானோன்னு சொல்லிக்கிடுத மெக்சிக்கோ வம்சத்து ஆளுக கண்ட வித்தை. பெரியவுக செவர்லே இம்பாலாக் காரைத் தரையோட தரையா எறக்கி, விட்டியர் பூலவார்டுங்குத ரோட்டுல ராத்திரி உலாத்துவாக. லைசென்ஸ் எடுக்க வயசு வராத பொடியன் என்ன செய்வான்? சைக்கிளை எறக்குனான்.

1963ல ஷ்வின் கம்பெனி ஸ்டிங்-ரேன்னு 20 அங்குலச் சக்கரத்துல ஒரு சைக்கிள் விட்டுச்சு. கலிஃபோர்னியாப் பயலுவ சின்ன சைக்கிள்ல உசந்த ஹேண்டில்பாரும் நீள சீட்டும் மாட்டி அலையுதானுவன்னு கேள்விப்பட்டுத்தான் ஆல் ஃபிரிட்ஸ்ங்குதவரு அதை உண்டாக்குனாரு. பயலுவ ரோசனையைப் பயலுவளுக்கே வித்தாச்சு. அவனுவ அதை வாங்குனதும் பிரிச்சுப் போட்டு மறுபடி கட்டுனானுவ. யாரை யாரு ஏமாத்துனதுன்னு நீயே சொல்லு.

சரி, வேலைக்கு வா. பிரேமுக்கு நடுவுல இருக்க சந்துல தகரம் வச்சு வெல்டு அடிச்சு, பட்டி பூசித் தேய்க்கணும். கை வலிக்குதுன்னு நிறுத்துனா பெயிண்ட்டு காட்டிக் குடுத்துரும். வெள்ளி அடிப்பூச்சு, மினுக்குத்தூள், அதுக்கு மேல வெளிச்சம் ஊடுருவுத கேண்டி நெறம், அதையும் பூச்சுப் பூச்சா ஏத்தணும். சதுரக் கம்பியைக் காய்ச்சி முறுக்கி, குரோம் போட்டு ஃபோர்க்கு. சீட்டுக்கு வெல்வெட்டு. நம்ம சைக்கிள்ல ஒரு சக்கரத்துக்கு முப்பது நாப்பது கம்பி இருந்தாப் போதும். அங்க 144 கேக்கானுவ. ரெண்டு சக்கரத்துக்கு 288. தொடைக்க ஞாயித்துக்கிழமைய ஒதுக்கிரு, கோயில் குளம்னு கெளம்பிராத.

கடையில செட்டா வாங்கி மாட்டிரலாம்னு பாக்காத. லோரைடர்காரவுக யாரும் மூஞ்சிக்கு நேரா சிரிக்க மாட்டாக. பக்கத்துல நிக்குத சைக்கிளைப் பாக்கப் போயிருவாக, அம்புட்டுத்தான்.

வளைவுல மிதிக்காத, பெடல் ரோட்டை ஒரசிரும். நேர்ரோட்டுலயும் ரொம்ப மிதிக்காத. மாப்பிள்ளை அழைப்புக் காரு பறந்து போனா மாப்பிள்ளையை எவன் பாப்பான்?

அப்படிப் பாக்க வைக்கதுதான் அந்த ஊரு அதிகாரிகளுக்குப் பொறுக்கல. காரோட எந்தப் பாகமும் சக்கர ரிம்முக்குக் கீழ எறங்கக் கூடாதுன்னு 1958ல சட்டம் வந்துச்சு. மறுவருசமே ரான் அகிர்ரேன்னு ஒருத்தரு தன் கார்வெட்டுக் காருல ஹைட்ராலிக்கு மாட்டிட்டாரு. போலீஸ்காரரு வந்தாத் தூக்கிக்கிடலாம், போனா எறக்கிக்கிடலாம். சட்டத்துக்கு இம்புட்டு மரியாதை குடுத்தவரு வேற யாரு? பெறவு பல ஊர்ல, ஒரே தெருவுல திரும்பத் திரும்ப உலாத்தக் கூடாதுன்னு பலகையே நட்டாக. வேகமாப் போனா அபராதம், இவுக மெதுவாப் போனாலும் அபராதம்! போறது யாருன்னு நின்னு பாக்க வேண்டி வருதுல்லா, அந்த எரிச்சல். 2024 சனவரியிலதான் கலிஃபோர்னியா மாநிலமே ரெண்டு தடையையும் எடுத்துச்சு.

கண்காட்சிக்குப் போறப்ப ஓட்டிக்கிட்டுப் போயிராத. புழுதி படும். வண்டியில ஏத்திக் கொண்டுபோய், சுத்துத மேடையில நிறுத்தி, அடிப்பக்கம் தெரியக் கண்ணாடி வச்சு, நீ ஓரமா நில்லு. சைக்கிள் சவாரி போகும், சைக்கிள்காரன் நடந்து போவான்.

செலவு எம்புட்டுன்னு ஒன் பொண்டாட்டி கேட்டா, சைக்கிள் வாங்குனேன்னு மட்டும் சொல்லு. காருன்னாத்தான் அவ கணக்குப் பாப்பா.