ரூம் சர்வீஸ் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! நட்சத்திரங்கள் ஐந்தைத் திருநெற்றியில் சூடி, நகரந்தோறும் மாடம் உயர்த்தி, நள்ளிரவில் வந்திறங்கும் வழிப்போக்கரின் பசிக்கு விலை வகுத்தருளும் ரூம் சர்வீஸ் பெருந்தகையின் புகழைப் பாட எனக்கு ஒரு நாவா போதும்!

அவரைத் தொலைபேசியில் அழைப்பதே ஒரு பேறு. எண்ணை அழுத்தியதும் எடுத்துவிட்டால் அதில் என்ன மகிமை? முதலில் குழலிசை, அதன்பின் சற்றே காத்திருக்கும்படி ஒரு கட்டளை, அதையும் தாண்டினால், மெனுவில் பளிச்சென்று நிற்கும் மசால் தோசை ‘இந்நேரத்துக்கு வராது சார்’ என்ற திருவாக்கு. நாவடக்கம் கைகூட முனிவர்கள் காட்டில் ஆண்டுக்கணக்கில் தவம் கிடந்தார்கள். நம் பெருந்தகையோ ஒரே அழைப்பில் அதை அருளிவிடுகிறார்.

அரை மணி என்று சொல்லி ஒரு மணி நேரம் கடந்தபின் இட்லிகள் இரண்டு எழுந்தருளும் கோலம் காணக் கண் கோடி வேண்டும். வெள்ளை விரிப்பு, குமிழ் வைத்த உலோக மூடி, ஒற்றை ரோஜா! மூடியைத் திறந்தால் ஆவி அடிக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. கீழ்த்தளச் சமையற்கட்டிலிருந்து சர்வீஸ் லிஃப்ட் ஏறி, நீண்ட நடைகளைக் கடந்து வருவதற்குள் இட்லி தன் சூட்டை முற்றத் துறந்திருக்கும். காபிக் கோப்பையின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டி நுரைக்குக் காவல் வைத்திருப்பார்கள். நுரை அதற்குள் முக்தி அடைந்திருக்கும்.

எளியோரை உயர்த்தும் அவருடைய கருணையைச் சொல்லாமல் எப்படி விடுவது? 2019 ஜூலையில் சண்டிகரின் ஐந்து நட்சத்திர மாளிகை ஒன்றில் இந்தி நடிகர் ராகுல் போஸ் இரண்டு வாழைப்பழம் கேட்டார். தள்ளுவண்டியில் கிடந்து கறுக்க வேண்டிய அவ்விரண்டுக்கும் ‘ஃப்ரூட் பிளேட்டர்’ என்று பட்டம் கட்டி, 375 ரூபாய் மதிப்பளித்து, 18 சதவீத ஜிஎஸ்டியும் சாத்தி, 442 ரூபாய் 50 காசுக்கு உயர்த்திய உள்ளம் வேறு யாருக்கு வாய்க்கும்? பழத்துக்கு வரியே இல்லையே என்ற அற்பக் காரணம் காட்டி, அவ்வூர் வரித்துறை 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. வரியில்லாப் பொருளுக்கும் வரி வாங்கிய தேசபக்திக்கு இதுவா பரிசு!

தண்ணீர் பாட்டிலையும் அச்சிட்ட விலை என்னும் தளையிலிருந்து மீட்டவர் அவர். ஹோட்டலில் பாட்டிலோடு சேவையும் சேர்ந்தே வருவதால் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது. தண்ணீரில் கரைந்திருக்கும் அந்தச் சேவையைத் தாகத்தின் அவசரத்தில் ருசிக்கத் தவறுகிறோமே, பிழை நம் நாக்கில்.

சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சிறியோர் துவண்டிருப்பார்கள். அவரோ ஒரு திருநாமத்தைப் பறித்தால் ‘டிரே சார்ஜ்’ என்ற மறு திருநாமத்தில் அவதரிக்கும் வல்லமை படைத்தவர். வண்டியைத் தள்ளிவரும் இளைஞரைப் பொருட்செருக்கு அண்டாமல் காப்பவரும் அவரே. இத்தனை கட்டணமும் வாங்கிய பிறகும், அந்தப் பிள்ளை கையெழுத்துக்குப் பில்லை நீட்டிவிட்டுக் கதவருகே சற்றுக் கூடுதலாகத் தயங்கி நிற்கும்படி எவ்வளவு பணிவாக வளர்த்திருக்கிறார்!

நம் குடல்மீதுதான் அவருக்கு எத்தனை பரிவு! தெருமுனைக் கடையின் சூடான இட்லி பொட்டலமாக உள்ளே நுழைந்துவிடாமல் ‘வெளி உணவுக்கு அனுமதி இல்லை’ என்று வாயிலில் பலகை வைத்துக் காக்கிறார். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கேட்ட தாயிடமும் அவர் முறை தவறுவதில்லை. கஞ்சி மெனுவில் இல்லை என்பதை நயமாகத் தெரிவித்து, விருப்பமிருந்தால் பாஸ்தா வரும் என்கிறார், ஒரு மணி நேரத்தில்.