பேஸ்மட்டம் இல்லாத வீடு

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன் பகல் முழுவதும் கொட்டகையில்தான் வாழ்கிறான். டீக்கடை கொட்டகை, சலூன் கொட்டகை, கீரமங்கலத்தில் பூ எடை போடுகிற இடம் கொட்டகை. கல்யாணத்துக்குப் பந்தல், காதுகுத்துக்குப் பந்தல், செத்துப்போனால் விடிவதற்குள் வாசலில் சாமியானா. தமிழ்நாட்டு முதலமைச்சர்கள் சிலரை நம் கிராமங்களுக்கு முதலில் அறிமுகம் செய்து வைத்ததே டூரிங் டாக்கீஸின் கீற்றுக் கொட்டகைதான். இப்படி நாள் பூராவும் நாலு காலுக்கும் ஒரு கூரைக்கும் நடுவே சௌக்கியமாக இருந்துவிட்டு, ராத்திரியானால் மட்டும் பகல் வெயிலையெல்லாம் வாங்கி வைத்திருக்கும் கான்கிரீட் தளத்துக்கு அடியில் போய்ப் படுத்து, ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு வேர்க்கிறான். அதற்குப் பெயர் வீடு. அதற்குப் பல வருடம் தவணையும் கட்டுகிறான்.

ராத்திரியும் கொட்டகையிலேயே படுத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். கேட்டதோடு விட்டிருக்கலாம் என்று என் மனைவி சொல்வாள்.

இந்த யோசனையைக் கொடுத்தது கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரையேறிய புயல், நேராகக் கடலுக்குத் திரும்பிப் போகாமல் திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று எல்லோரையும் விசாரித்துக்கொண்டு போனது. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. அரசாங்கம் தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் கொடுத்தது. அதில் 500 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் செலவு. மரத்தை விலைக்கு வாங்க ஆள் இல்லை. சும்மா எடுத்துக்கொண்டு போகவும் ஆள் இல்லை. செங்கல் சூளைக்காரர்கள்கூட 'போதும், வைக்க இடம் இல்லை' என்று போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்கள் அப்பா வைத்த தோப்பு, ஆலங்குடி தாலுகாவில் ஒரு மூலையில், வானத்தைப் பார்த்துக் கிடந்தது. தென்னை மண்ணில் கிடந்தால் சீக்கிரம் உளுத்துப் போகும். அதற்குள் அறுத்துவிட வேண்டும்.

தென்னைக்கு மற்ற மரம்போல உள்ளே வைரம் கிடையாது. வெளிச்சுற்றுதான் இரும்பு, நடுப்பகுதி வெறும் சக்கை. வயசான மரத்தின் அடிப்பாகத்தில் சுற்றோரமாக அறுத்தால் நல்ல கைமரம் கிடைக்கும். மரவாடிக்காரர் இதைக் கேட்டதும் தன் ரம்பத்தை என்னிடமிருந்து மறைத்து வைக்கப் பார்த்தார். தென்னை ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும் என்பது அவர் கட்சி. பல் செலவையும் சேர்த்துத் தருகிறேன் என்ற பிறகுதான் சுவிட்சைப் போட்டார்.

இதற்கிடையில் யூடியூபில் ஒரு தாடிக்காரரைப் பார்த்தேன். அமெரிக்காவில் இந்த மாதிரிக் கட்டடத்துக்குப் போல் பார்ன் என்று பேர் வைத்து, அதில் குடும்பத்தோடு குடியிருக்கிறார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில், பணமில்லாத விவசாயிகள் பழைய கம்பங்களை மண்ணில் ஊன்றி மாட்டுக்கும் வைக்கோலுக்கும் எழுப்பிய கொட்டகை. பிறகு மனிதர்கள் மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டு உள்ளே வந்துவிட்டார்கள். தத்துவம் இவ்வளவுதான்: கூரையின் பாரம் காலுக்கு, காலின் பாரம் மண்ணுக்கு. சுவருக்கு மறைக்கிற வேலை மட்டும். சுவர் எதையும் தாங்காததால் அதற்குக் கீழே நீள அஸ்திவாரமும் தேவையில்லை. தாடிக்காரர் ஒரு மிஷினை மண்ணில் வைத்தார். அது தயிருக்குள் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது. ஒரு வார இறுதிக்குள் ஆளும் அவர் மச்சானும் சேர்ந்து கால் முழுவதையும் ஊன்றி, கடைசியில் பீர் குடித்தார்கள்.

எங்கள் ஊர் மண் செம்புறாங்கல் மண். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் அது நம்மை விசாரிக்க மேலே வரும். 18 கால், 18 குழி. தாடிக்காரரை நினைத்தாலே கோபம் வருகிற அளவுக்கு ஆகிவிட்டது. எனக்கு மச்சானும் இருக்கிறார். குழி வெட்டுகிற காலம் முழுவதும் அவருக்குத் திருச்சியில் வேலை இருந்தது.

இதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு கொத்தனாரைத்தான் அழைத்திருந்தேன். நல்ல வேலைக்காரர், நோட்டும் பென்சிலுமாக வந்தார்.

"பேஸ்மட்டம் எத்தனை அடி சார்?"

"பேஸ்மட்டம் இல்லை."

"லிண்டல்?"

"இல்லை."

"தளத்துக்கு எத்தனை எம்எம் கம்பி போடலாம்?"

"தளமே இல்லை."

நோட்டை மூடிப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?" என்றார். பிறகு தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மிகுந்த அன்போடு, "மூணு அடி பேஸ்மட்டம் இல்லாத வீட்டுல யாரு பொண்ணு குடுப்பா?" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. என் மனைவி திண்ணையிலிருந்து, "குடுத்தா நல்லாத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்க" என்றாள்.

கடைசியில் கிடைத்தவர் ஒரு ஆசாரி. வாலிபத்தில் அரிமளம், ராயவரம் பக்கம் செட்டியார் வீடுகளில் மராமத்து பார்த்தவர். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய அந்த வீடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உளி கீழே போய்விடும். கூலி மட்டும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். "அங்கேயும் தூணுதான் சார் தாங்குது. நீங்க செய்யறதும் அதேதான், காசு மட்டும் இல்ல" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. என் கட்டடத்தைப் பற்றி யாராவது சொன்ன முதல் நல்ல வார்த்தை.

தென்னையை மண்ணில் ஊன்றக் கூடாது, கரையான் ரெண்டே மழையில் கணக்கை முடித்துவிடும் என்றார் ஆசாரி. ஆகவே கால்கள் எல்லாம் கருங்கல். வேலிக்கு ஊன்றுகிற கல்காலின் அண்ணன் வகை. பத்தடிக் கல்லில் கால் பங்கு மண்ணுக்குள். அதன்மேல் விட்டம், விட்டத்தின்மேல் குத்துக்கால், அதன்மேல் முகட்டு வளை, இரண்டு பக்கமும் தென்னங்கைமரம். மரத்துக்கெல்லாம் முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கிற எண்ணெய். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுக்கிறவர்களிடம் சொல்லி வாங்கினேன். கரையான் அண்டாது. மனிதனும் அண்ட முடியாது, தோலில் பட்டால் பொத்துவிடும். பூசிய வாரம் முழுக்க நான் இரண்டு கைகளையும் சாமி வந்தவன்போல் தூக்கிக்கொண்டே நடந்தேன்.

கூரைக்குத் தகர ஷீட் போடச் சொன்னவர்கள் அதிகம். ஆனால் கஜா ராத்திரியில் ஷீட்டுகள் என்ன செய்தன என்பதை நேரில் பார்த்தவன் நான். புயல் கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை. மேலே ஓடும் காற்று கூரையை உறிஞ்சித் தூக்கும். கதவு வழியாக உள்ளே புகுந்த காற்று கீழேயிருந்து தள்ளிக் கொடுக்கும். சரிவு குறைந்த கூரை சீக்கிரம் கிளம்பும். நல்ல சரிவு வைத்தால் கொஞ்சம் யோசிக்கும். கூரை தலையில் விழுந்துவிடுமோ என்று கவலைப்பட்டே வந்த பரம்பரை நாங்கள். அது மேலே போய்விடுமோ என்று இப்போதுதான் கவலைப்படக் கற்றிருக்கிறோம். அதனால் ஒவ்வொரு கைமரத்தையும் விட்டத்தோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, விட்டத்தைக் கல்லில் போல்ட் போட்டு முடுக்கினோம். அன்றைக்கு எங்கிருந்தோ பறந்து வந்து எங்கள் தோப்பில் இறங்கிய ஒரு ஷீட்டைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை. இப்போது கோழிக் கூண்டுக்கு மேலே இருக்கிறது. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். கோழிகளிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

ஆகவே சீமை ஓடு. இடித்த வீட்டு ஓடு, பழசு, கனம். சுதேசிப் பொருளில் வீடு கட்டுகிறேன் என்று ஆசாரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது: இந்த ஓட்டை நம் நாட்டுக்குப் பழக்கியவர்கள் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய பாஸல் மிஷன்காரர்கள். என் கூரையின் பூர்வீகம் சுவிட்சர்லாந்து. ஆசாரியிடம் இதைச் சொல்லவில்லை, கூலியை அந்த ஊர்க் கணக்கில் கேட்பார்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்கியில் போய்க் கேட்டேன். எந்த வங்கி என்பது முக்கியமில்லை. தளம் போட்ட வீட்டுக்குத்தான் கடன் என்றார்கள். கல்லில் கால், தேக்குக்குச் சமமான தென்னை என்று நான் விளக்கியதை அந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டு, "கோழிப் பண்ணைக் கடன் இருக்கு சார், பாக்கறீங்களா?" என்றார். கடைசியில் கார் வாங்குவதற்கு என்று வைத்திருந்த பணத்தை எடுத்தேன். வாகனம் வாங்க வைத்த பணத்தைக் கட்டடத்தில் போடுவதற்கு எங்கள் மாவட்டத்தில் பெரிய முன்னுதாரணம் உண்டு. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலாக்கிவிட்டார். அதுதான் இன்றைய ஆவுடையார்கோயில். இதை எடுத்துச் சொன்னபோது என் மனைவி, "அவருக்கு நரியாவது குதிரையா வந்துச்சு. நமக்கு என்ன வரும்?" என்றாள். வந்தது பழைய டிவிஎஸ் எக்செல்.

ஊர் பேசியதை முழுவதும் எழுத இடம் போதாது. கல்யாணத்துக்கு ஒற்றைப் பந்தக்கால் ஊன்றினால் மஞ்சள், குங்குமம், மாவிலை, நாலு சுமங்கலி. நான் 18 கால் ஊன்றினேன், வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை மாடு?" ஜல்லிக்கட்டு மாவட்டம் அல்லவா, மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஒருவர் தன் காளையை வாடிவாசல் சீசன் வரைக்கும் இங்கே கட்டிக்கொள்ளலாமா என்று வாடகையே பேசினார். அந்த வாடகை புதுக்கோட்டை டவுனில் நான் குடியிருந்த வீட்டு வாடகையைவிட ஐநூறு ரூபாய் அதிகம். என் மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

எல்லோரையும்விடக் கடுமையாக எதிர்த்தவர் பெரியப்பா. இரண்டு மாடி, கிரானைட் படி, மேலே சிங்க பொம்மை வைத்த வீட்டுக்காரர். "நம்ம வகையறாவுல கொட்டாயில படுத்தவன் எவன்டா?" என்றார். அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் இல்லை. அதனால் ஒரு பிரதோஷத்தன்று எக்செல்லில் ஏற்றிக்கொண்டு ஆவுடையார்கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிட்டு முடித்ததும் கொடுங்கைக்குக் கீழே நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொன்னேன்.

தமிழ்நாட்டுச் சிற்பிகள் வேலை ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை மாதிரி மட்டும் கேட்கக் கூடாது என்று விலக்கு எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்களாம். அப்படிப்பட்ட வேலை அது. மேலே இருப்பது என்ன? கைமரம். வரிச்சு. அவற்றை இணைக்கிற ஆணிக் கொண்டை. எல்லாம் கல். மலைக்கல்லைக் கொண்டுவந்து, மரக்கூரை மாதிரியே தெரிய வேண்டும் என்று தாள்போல் இழைத்திருக்கிறார்கள். கல்தானா என்று சந்தேகப்பட்டு ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார் என்று கோயிலில் கதை சொல்வார்கள்.

"பாத்தீங்களா பெரியப்பா? ஆத்மநாத சாமிக்கே கொட்டகைக் கூரைதான். கல்லு கிடைச்சும் கொட்டகையைத்தான் செதுக்கியிருக்காங்க."

அவர் வெகுநேரம் அண்ணாந்தே இருந்தார். கழுத்துச் சுளுக்கு வந்திருக்குமோ என்று பயந்துவிட்டேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாமிக்கு என்னடா, அதுக்குப் பொண்ணு கட்டிக் குடுக்கற வேலையா இருக்கு?"

பால் காய்ச்சுகிற அன்று அவர் வந்தார். இடுப்பளவு செம்புறாங்கல் சுவர், அதற்கு மேலே மூங்கில் தட்டி, நாலு பக்கமும் காற்று. காப்பி குடித்துவிட்டுச் சும்மா கொஞ்சம் சாய்கிறேன் என்று பெஞ்சில் படுத்தவர், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்தார். எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த சித்திரையில், அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்த வாரம், ஆசாரியை அழைத்துக்கொண்டு வரச் சொல்லி போன் வந்தது. போனோம். மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். தளத்தில் காலை வைக்க முடியவில்லை. சிங்க பொம்மைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, குரலைத் தணித்து, "இங்க ஒண்ணு போட முடியுமா? உன் தோப்புல மாதிரியே" என்றார்.

"கொட்டகையா பெரியப்பா?"

"மெதுவாப் பேசுடா. தண்ணித் தொட்டிக்கு நிழல்னு சொல்லிக்கிறேன். ஒரு கட்டில் போடற மாதிரி இருக்கட்டும்."

ஆசாரி மாடியை அடியளந்து பார்த்தார். கல்காலைத் தளத்தில் ஊன்ற முடியாது, இரும்புக் குழாய்தான் என்றார். ராயவரத்தில் இதேபோல ஒரு மாடியில் தான் செய்த வேலையைப் பற்றி ஆரம்பித்து, பாதி வழியில் நிறுத்தி, அட்வான்ஸ் கேட்டார்.

பெரியப்பா என் பக்கம் கையைக் காட்டினார். "அவன்கிட்ட வாங்கிக்கங்க. எனக்கு இந்தக் கொட்டாய் ஆசையைக் கிளப்பிவிட்டதே அவன்தான்."