பந்து மாமாவின் பட்ஜெட்

கெடாவில் எந்தச் சின்னப் பட்டணத்துக்குப் போனாலும் ஒரு பந்து மாமா இருப்பார். லூனாஸில் உண்டு, பாடாங் செராயில் உண்டு, பீடோங்கில் கட்டாயம் உண்டு. சுங்கை பட்டாணி பெரிய ஊர் என்பதால் அங்கே இரண்டு பேர். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ரொட்டிக் கடையில் காற்றாடிக்கு நேர் கீழே, டிவி நன்றாகத் தெரிகிற மேசை எதுவோ, அது அவருடையது. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் எழச் சொல்லமாட்டார். பக்கத்தில் நின்று இருமுவார்.

பச்சையும் மஞ்சளுமாகப் போட்டிருப்பது 2008-இல் வாங்கிய கெடா ஜெர்சி. அந்த வருடத்தைக் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்கள் தே தாரேக் ஆறிவிடும். 2007, 2008 என்று அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் கெடா அள்ளிக்கொண்டு வந்ததை அவர் சொல்லும்போது, அள்ளிய கைகளில் இரண்டு அவருடையவை என்றே தோன்றும். செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து வந்த மார்லன் ஜேம்ஸை “நம்ம மார்லன்” என்பார். நெல்சன் சான் மார்ட்டினை “நெல்சன் பய” என்பார். அந்த அணியை வழிநடத்திய அஸ்ராய் கோர் அப்துல்லா, அவர் கதையில் கடைசியாகத்தான் வருவார். அப்போது இளம்பிள்ளையாக நடுக்களத்தில் ஓடி ஓடித் தேய்ந்த பட்ரோல் பக்தியார் பல நேரம் வரவே மாட்டார்.

மாமாவின் சித்தாந்தம் சுலபமானது. கோல் அடிக்கிறவனுக்குக் கேட்டதைக் கொடு. மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

“ஒரு நல்ல இம்போர்ட் போதும்டா தம்பி. மாசம் அம்பதாயிரம் வெள்ளி கேக்கறானா? குடு. எழுபதாயிரமா? குடுத்துத் தொலை. ஸ்டேடியம் நெறஞ்சா காசு தன்னால வரும்.”

இதைச் சொல்கிறவர் குடிப்பது ‘தே ஓ கோசோங்’. சர்க்கரை வியாதி ஒரு காரணம். பாலுக்கும் சீனிக்கும் கூடுதலாக முப்பது சென் கேட்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதே 2025 பிப்ரவரியில்தான். கெடா மாநிலத்தின் பந்துக் கருவூலத்தை மட்டும் மாமா ராஜா மாதிரி திறந்துவிடுவார்.

பேச்சு சூடாகும்போது கடைக்காரப் பாய் ரொட்டியை வீசிக்கொண்டே குறுக்கே வருவார்.

“அப்ப கோல்கீப்பருக்கு எவ்வளவு மாமா?”

“அவனுக்கு எதுக்குப் பாய்? சும்மாதானே நிக்கிறான்.”

“ஆறுமுகமும் சும்மாதான் நின்னாரோ?”

மாமா வாயடைத்துப் போவது இந்த ஓர் இடத்தில்தான். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு 1980-இல் தகுதி பெற்ற மலேசிய அணியின் வலைக்காவலர், ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகத்தின் படம் மாமா வீட்டு முன்னறையில் முருகனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. மாலை இரண்டுக்கும் ஒரே அளவு.

மாமாவைச் சும்மா வாய்ச்சவடால் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆளுக்கு அனுபவம் இருக்கிறது. பீடோங் ஹார்வர்டு தோட்டத்துப் பிறப்பு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வகுப்பு. “நான் ஹார்வர்டுல படிச்சவன்” என்று புது ஆட்களிடம் சொல்லி, அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து மகிழ்வார். தோட்டத்து அணியில் வலது ஓரத்தில் ஆடியவர். இம்போர்ட் வாங்குகிற பழக்கத்தைத் தொடங்கி வைத்ததே தோட்டங்கள்தான் என்பது அவர் கட்சி. பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் இரண்டு தோட்டம் தள்ளி ஒரு நல்ல காலைப் பிடித்து வந்து, பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கில், பெயரே இல்லாதவனை “நம்ம கிராணியோட மச்சான்” என்று இறக்கிவிடுவார்களாம். சம்பளம் ஒரு கோழிப் பிரியாணி. ஜெயித்தால் இரண்டு. பந்து நன்றாக ஆடுகிற பையனுக்குத் துரை பார்த்து, பால் வெட்டுக்கு அனுப்பாமல் ஸ்டோரில் லேசான வேலை கொடுப்பார் என்றும் சொல்வார். எவ்வளவு உண்மையோ, சொல்லும்போது கண் மின்னும்.

அந்தப் பிரியாணிக் கணக்கிலிருந்து அவர் வெளியே வரவே இல்லை என்று எனக்குத் தோன்றும். பிரியாணியை அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடலாம். மாதச் சம்பளம் அடுத்த மாதமும் வரும்.

கெடாவுக்கு நடந்தது அதுதான். 2021-இல் கிப்ரே சேச்சே, கிபா ஷெர்மன் என்று இரண்டு இம்போர்ட்டுகள் முன்னால் நின்றார்கள். மாமாவுக்குத் தினமும் தீபாவளி. அடுத்த வருடமே இருவரும் திரெங்கானு பக்கம் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஆட்டச் செய்தியைவிடச் சம்பள பாக்கிச் செய்திதான் அதிகம் வந்தது. மாதக்கணக்கில் பாக்கி, புள்ளி வெட்டு, கடைசியில் 2025–26 பருவத்துக்கு உரிமமே கிடைக்கவில்லை. ஐந்து முறை மலேசியக் கிண்ணம் தூக்கிய அணி.

“ஜொகூர் மட்டும் எப்படி?” என்பார் மாமா. ஜொகூர் 2014-இலிருந்து லீக் பட்டத்தைக் கீழே வைக்கவே இல்லை என்பது உண்மை. அங்கே பின்னால் நிற்பது அரண்மனை. இங்கே பின்னால் நிற்பது பந்து மாமா.

பாய் விடமாட்டார். 2009-இலிருந்து 2011 வரை அயல்நாட்டு ஆட்டக்காரர்களே வேண்டாம் என்று லீக்கில் தடை போட்டிருந்தார்கள். அதே காலத்தில் நம்ம கே. ராஜகோபால் பயிற்சியில் 2009-இல் சீ விளையாட்டுத் தங்கம், 2010-இல் சுசுகி கிண்ணம். “இம்போர்ட் இல்லாமதானே மாமா ஜெயிச்சோம்?” என்று பாய் மடக்குவார். அந்தக் கிண்ணத்தில் ஐந்து கோல் போட்ட சாபி சாலியை அடுத்த வருடம் இந்தோனேசியாக்காரன் வாங்கிக்கொண்டான். மாமா இதற்காகவே காத்திருந்தவர் போல் மேசையைத் தட்டுவார்: “பாத்தியா? அவன் நம்மாள இம்போர்ட் பண்ணான்!”

உள்ளூர்க் கால்களை மட்டும் நம்பிய அணிக்கும் நல்ல காலம் வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கத்து அணியின் வழியில் வந்த பி.ஜே. சிட்டி, பி. மணியம் பயிற்சியில், 2021-இல் ஓர் அயல்நாட்டுக்காரர்கூட இல்லாமல் உச்ச லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு அதுவும் கடையைக் கட்டியது. இந்தச் செய்தியை பாயும் எடுக்கமாட்டார், மாமாவும் எடுக்கமாட்டார். இரண்டு பேருக்குமே அதில் லாபமில்லை.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மருமகன் வந்தபோது மாமாவுக்குப் புது ஆயுதம் கிடைத்தது. அங்கே கையால் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிற ஓர் ஆட்டம். ஓடுகிறவனுக்கு ரன்னிங் பேக் என்று பெயர். அடிபட்டு அடிபட்டு சீக்கிரம் தேய்ந்துவிடுவான், அவனுக்குப் பெரிய காசு வீண் என்று பல அணிகள் முடிவு கட்டியிருந்தன. சாக்வோன் பார்க்லி என்பவரை நியூயார்க் ஜயன்ட்ஸ் 2024-இல் போக விட்டது. பிலடெல்பியா ஈகிள்ஸ் மூன்று வருடத்துக்கு 3 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் பேசி வாங்கியது. அந்தப் பருவத்தில் மனுஷர் 2,005 கெஜம் ஓடினார். 2025 பிப்ரவரியில், அவருடைய 28-ஆவது பிறந்தநாளன்று, அணி சூப்பர் பவுலை வென்றது.

“கேட்டியா பாய்! காசு குடுத்தான், கப்பு வந்துச்சு!”

மருமகன் மெதுவாகத்தான் சொன்னான்: “மாமா, அவருக்கு முன்னால வழிவிட்டுக் குடுக்கிற அஞ்சு பேரும் அங்க ரொம்ப நல்ல ஆளுங்க. அவங்களுக்கும் நெறைய குடுத்திருக்காங்க.”

மாமா கொஞ்சம் யோசித்தார். பழைய தோட்டத்து ஆள் சட்டென்று எட்டிப் பார்த்தார். “ஆமா, களை வெட்டி மர நெரையச் சுத்தம் பண்ணாதான் பால் வெட்டுறவன் வேகமா நடப்பான்.” சொல்லிவிட்டு, தன் கட்சிக்குத் தானே குழி பறித்ததை உணர்ந்து, மருமகனுக்கு இன்னொரு ரொட்டி சானாய் சொன்னார்.

இப்படிப்பட்டவர் கையில் நிஜப் பணம் வந்தால் என்ன செய்வார் என்று பார்க்கும் பாக்கியமும் ஊருக்குக் கிடைத்தது. கோயில் திருவிழாப் பந்துப் போட்டிக்கு அவரைப் பொருளாளர் ஆக்கினார்கள். பையன்கள் ஓர் ஆளைக் கண்டுபிடித்தார்கள்: பக்கத்துக் காலேஜில் படிக்கும் ஆப்பிரிக்கப் பையன், ஆறடி, இடதுகால். ஆட்டத்துக்கு நூறு வெள்ளி.

“நூறா? அடேயப்பா! அம்பது சொல்லு. மத்தியானச் சாப்பாடு நம்ம கணக்கு.”

“மாமா, மார்லனுக்கு எழுபதாயிரம் குடுன்னீங்களே?”

“அது கெடா காசுடா. இது கோயில் காசு!”

இழுத்து, அறுத்து, எண்பதுக்கு முடிந்தது. ஆட்ட நாளன்று பையன் திடல் ஓரத்தில் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போட்டுக்கொள்ளவில்லை. முன்பணமாக முழுத்தொகையும் வேண்டுமாம். இங்கே பந்துக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி வைப்பார்கள் என்று அவன் கூட்டாளி சொல்லியிருக்கிறானாம்.

மாமாவுக்கு மானம் போய்விட்டது. “என்னயவா நம்பல? நான் ஹார்வர்டுல படிச்சவன்னு சொல்லுடா அவன்கிட்ட!”

பையன்கள் மொழிபெயர்த்தார்கள். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். பூட்ஸ் மட்டும் கையிலேயே இருந்தது.